கொஞ்சம் சூடு போதும்

கடுகு பிறந்ததிலிருந்தே பொடிசு. அதனால் அப்பா ஆசையாக அப்படிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் போய் ஒட்டிக்கொண்டது. தன்னை ‘அக்கா’ என்று கூப்பிட ஒரு பாப்பா வரப்போகிறது என்று கடுகு பல மாதங்களாகக் காத்திருந்தாள்.

ஆனால், பாப்பாவோடு வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டால் ‘ம்’ என்பாள். அதற்குமேல் பேச்சில்லை. பாப்பாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடுகுக்குக் கேட்க நிறைய இருந்தது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

லாரி ஓட்டும் அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து சமைத்தார். ஒரு நாள் உப்பே இருக்காது. மறுநாள் உப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. கடுகு குறை சொல்லாமல் விழுங்கினாள்.

வெளியே மழை விட்டபாடில்லை.

பின்னறையில் அம்மாவின் இன்குபேட்டர் இருந்தது. கோழிக்குப் பதிலாக மின்சாரத்தால் முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டி அது. குஞ்சு பொரித்து விற்பதுதான் அம்மாவின் தொழில். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவள் அடுக்கிவைத்த முட்டைகள் உள்ளேயே இருந்தன. வீட்டில் இருந்த துக்கத்தில் எல்லோரும் அவற்றை மறந்துவிட்டார்கள், கடுகைத் தவிர.

அம்மா செய்வதைப் பார்த்துப் பழகியவள் அவள். தினமும் முட்டைகளைத் திருப்பிவைத்தாள். தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாள். பொரிக்கும் நாள் நெருங்கியதும், அம்மாவைப் போலவே திருப்புவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம். பெட்டிக்குள்ளிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம்.

“அப்பா! ஓடி வாங்க! ஒரு முட்டை விரிசல் விட்டிருக்கு!”

அப்பா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். விரிசலுக்குள் ஒரு குட்டி அலகு அசைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கப் போன நேரம், பெட்டியின் விளக்கு பட்டென்று அணைந்தது. தெருக்கோடியில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிட்டதாம். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெட்டியைப் போர்வையால் மூடினார்கள். சாயங்காலம் ஆவதற்குள் அது சில்லிட ஆரம்பித்தது. கீச் சத்தமும் மெலிந்துகொண்டே போனது.

“ஓட்டை நாமளே உடைச்சு வெளிய எடுத்துடலாமா?” என்றார் அப்பா.

“வேணாம்ப்பா! அவசரப்பட்டு உரிச்சா ரத்தம் வந்து செத்துடும். அம்மா சொல்லியிருக்காங்க.”

“அப்ப சூட்டுக்கு எங்க போறது?”

கடுகு நகத்தைக் கடித்தாள். சட்டென்று கண்கள் விரிந்தன.

“கரிச்சட்டி!”

கரிச்சட்டி அவர்கள் வீட்டுக் கறுப்புக் கோழி. அடைகாக்க வேண்டும் என்ற வெறியில் பல நாட்களாகக் கொட்டகையில் ஒரு காலிக் கூடையை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு முட்டை கிடையாது. விரட்டினாலும் திரும்பத் திரும்ப அதே கூடைக்குத்தான் போகும்.

கடுகு ஒரு முட்டையை அதன் அடியில் வைக்கக் கையை நீட்டினாள். ‘நறுக்’ என்று ஒரு கொத்து!

“தள்ளு, நான் பார்த்துக்கறேன். எத்தனை பெரிய லாரியெல்லாம் ஓட்டியிருக்கேன்” என்று அப்பா முன்னே போனார். போன வேகத்தில் விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“இது உங்கம்மாவுக்கு மட்டும்தான் அடங்கும்.”

அம்மாவை எழுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. கடுகு விரிசல் விட்ட முட்டையைக் காதருகே வைத்துப் பார்த்தாள். உள்ளே மிக லேசாக ஒரு முனகல்.

அவள் நேரே அம்மாவிடம் போனாள்.

“அம்மா, கையைக் காட்டு.”

அம்மா திரும்பவில்லை. கடுகு அவள் உள்ளங்கையை விரித்து முட்டையை வைத்தாள்.

“கரண்ட் போயிடுச்சும்மா. பெட்டி ஆறிப்போச்சு. இது வெளிய வரப் பார்க்குது.”

“வேணாம் கடுகு. எடுத்துட்டுப் போ. என் கையில எதுவும் நிலைக்காது.”

“நிலைக்க வேணாம்மா. இப்போதைக்குக் கொஞ்சம் சூடா வச்சுக்கிட்டாப் போதும்.”

அம்மாவின் விரல்கள் மெல்ல மெல்ல முட்டையைச் சுற்றி மூடிக்கொண்டன. உள்ளிருந்து ‘கீச்’ என்றது.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“யார் இதையெல்லாம் திருப்பி வச்சது?”

“நான்தான்.”

“தினமுமா?”

கடுகு தலையாட்டினாள். அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“மத்ததெல்லாம் எங்க? எடுத்துட்டு வா.”

அம்மாவின் கை கூடைக்குள் போனபோது கரிச்சட்டி கொத்தவில்லை. உடம்பைச் சற்றுத் தூக்கி இடம் கொடுத்தது. கீச் சத்தம் கேட்டதும் தலையைச் சாய்த்து, தொண்டைக்குள் ‘க்ளக், க்ளக்’ என்று பதில் சொன்னது.

மறுநாள் மழை நின்றது. கரிச்சட்டியின் இறக்கைக்கு அடியிலிருந்து மூன்று குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. அவ்வளவுதான். மற்ற முட்டைகள் கல்லாகிக் கிடந்தன. அம்மா எத்தனை நேரம் காத்திருந்து பார்த்தும் ஒன்றில்கூட அசைவில்லை.

வேலியோரம் குழி தோண்டி அம்மாவும் கடுகுமாக அவற்றைப் புதைத்தார்கள். மண்ணை மூடும்போது அம்மா அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவள் அழுது கடுகு பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது.

“அம்மா... பாப்பா எப்படி இருந்துச்சு?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தம்பிப் பாப்பா. தலை நிறைய முடி. மூக்கு அப்படியே உன் மூக்கு.”

கடுகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, தம்பியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். சொல்வதற்கு அதிகம் இல்லை. ஆனாலும் கடுகு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“சாப்பாடு ஆயிடுச்சு! இன்னைக்கு உப்பு சரியா இருக்கு!” என்று அப்பா உள்ளிருந்து கத்தினார்.

கடுகு எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். பின்னாலிருந்து அம்மாவின் பழைய அதட்டல் தெருவுக்கே கேட்டது.

“அடியே! சேத்துக் காலோட எங்க ஓடற? கழுவிட்டுப் போடி!”

அப்பாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கடுகு திரும்பி வந்து காலைக் கழுவினாள். பிறகு, சேறே இல்லாத காலை இன்னொரு தடவையும் கழுவிக்கொண்டாள்.