காதுக்குள் இருப்பவள்

இப்போது ‘யாரு சொல்லப் போறீங்க மக்ளே?’ என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, தெரிந்தும் தெரியாதது போலச் சிரிப்பாள்.

மெர்லின் இப்படி நினைத்து முடிப்பதற்குள் கோமளா டீச்சர் கேட்டாள், நின்றாள், சிரித்தாள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெர்லினுக்கு வழக்கமான கூச்சம் வந்தது. தன் புடவையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு தன் கண்முன்னால் நடமாடுவதைப் பார்க்கும் கூச்சம்.

தருமபுரியை அடுத்த அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பின்னப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மெர்லின் அங்கே உடனிருப்பாளர். ஆசிரியர்கள் வகுப்பறைக் கருவிகளோடு பழகத் துணை செய்வது அவள் வேலை. பிள்ளைகளின் கற்பலகை பெரிய திரையோடு இணையவில்லையென்றால் இணைத்துக் கொடுப்பாள். திரைக்கு மேலே பொருத்தியிருக்கும் முகவாசிப்பானின் கண்ணாடியைத் துடைப்பாள். செவித்துணை காதில் உறுத்துகிறது என்று சொல்லும் ஆசிரியைக்கு வேறு அளவில் எடுத்துத் தருவாள்.

செவித்துணை ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். முகவாசிப்பான் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து, யாருக்குப் புரியவில்லை, யாருக்குத் தூக்கம் வருகிறது, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று கணித்து, அடுத்துச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் செவித்துணைக்கு அனுப்பும். ஆசிரியை அதைக் காதில் வாங்கி வாயால் சொல்ல வேண்டும். கட்டாயமில்லை என்றுதான் முதல் சுற்றறிக்கை சொன்னது. ஆனால் சொந்தமாக எதையாவது சொன்னால் மணிக்கட்டுப் பட்டை லேசாக அதிரும். அதற்கு ‘விலகல்’ என்று பெயர். வலிக்காது. யாரும் திட்டவும் மாட்டார்கள். ஆனாலும் எல்லாரும் விலகுவதை நிறுத்திவிட்டார்கள்.

செவித்துணையில் பேசுவது மெர்லினின் குரல்.

அவள் நாகர்கோவிலில் ஆசிரியையாக இருந்த காலத்தில் கல்விக் குரல் வாரியம் சில வகுப்புகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. அவள் பேசியது, அதட்டியது, காத்திருந்தது எல்லாவற்றையும் இயந்திரம் பல பருவங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், பிள்ளைகள் அதிகமாக முகம் கொடுப்பது இவள் குரலுக்குத்தான் என்று கண்டுபிடித்தது. அவளுக்குக் ‘குரல்மூலர்’ என்று பட்டம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, உடனிருப்பாளராகத் தருமபுரிக்கு அனுப்பிவைத்தார்கள். இப்போது மாநிலம் முழுக்க ஆசிரியைகள் பிள்ளைகளை ‘மக்ளே’ என்று கூப்பிடுகிறார்கள். ஓசூரில் பிறந்து ஓசூரைத் தாண்டாதவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“எங்க மாமியா என்ன சந்தேகமா பாக்குது மேடம்,” என்று கோமளா ஒருநாள் சொன்னாள். “‘நீ பென்னாகரத்துக்காரிதான? எப்ப இருந்துடி நாகர்கோவில்காரி ஆன?’ன்னு கேக்குது. நான் என்னத்த சொல்ல?”

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் மெர்லின் யதார்த்தமாக, “சாப்ட்டாச்சா டீச்சர்?” என்று கேட்டாள். செவித்துணையில் கேட்டுப் பழகிய கோமளா பக்கத்தில் இருந்த அறிவியல் ஆசிரியையிடம் திரும்பி, அதே ஏற்ற இறக்கத்தில், “சாப்ட்டாச்சா டீச்சர்?” என்றாள். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மேசையே சிரித்தது. கோமளா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மெர்லினும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் அவள் பெரும்பாலும் கைச்சாடையால்தான் பேசினாள்.

இன்றைக்கு லத்திகா பள்ளிக்கு வந்திருந்தாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா தொப்பூர் மலை இறக்கத்தில் விபத்தில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் வந்திருக்கிறாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பு. பின்னக் கணக்கைப் போடாமல் கற்பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

முகவாசிப்பான் அவளைப் பார்த்துவிட்டது. கோமளாவின் தலை மிக லேசாகச் சாய்ந்ததிலிருந்து வாக்கியம் வந்துவிட்டது என்று மெர்லினுக்குத் தெரிந்தது. எந்த வாக்கியம் என்றும் தெரிந்தது. கோமளா லத்திகாவின் பெஞ்சுக்குப் போய்க் குனிந்தாள்.

“அழணும்னா அழு மக்ளே. எனக்க பக்கத்துல வந்து இரு.”

கோமளா மூச்சு விடும் இடைவெளியில், பின் வரிசையிலிருந்து ஏழெட்டுக் குரல்கள், கேலியாகக்கூட இல்லை, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல முடித்து வைத்தன.

“பாடம் எங்கயும் ஓடிப்போவாது.”

லத்திகா நிமிர்ந்து பார்த்தாள். “மிஸ், வினிஷா அண்ணன் செத்தப்பவும் இதான சொன்னீங்க.”

“இல்ல மக்ளே, அது வந்து...”

“ஆறாவதுல மேரி மிஸ்ஸும் இதான் சொன்னாங்க. எங்க அக்கா ஸ்கூல்லயும் இதான். நீங்க போயி கணக்கு போடுங்க மிஸ். நான் அழல.”

கோமளா செவித்துணையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்தது. அதைப் பொருட்படுத்தாமல் வாயைத் திறந்தாள். மெர்லின் காத்திருந்தாள். மனதுக்குள் ‘சொல்லு, எதையாவது சொல்லு’ என்று கெஞ்சினாள். கோமளா வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து செவித்துணையோடு பாடம் நடத்தியவள். திறந்த வாய் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. கடைசி பெஞ்சைத் தாண்டி வந்து மெர்லினிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“வார்த்த வரமாட்டேங்குது மேடம். ஒண்ணுமே வரல. நீங்களே வந்து சொல்லுங்க. உங்களுதுதான அது?”

மெர்லின் எழுந்து போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் போவது நல்லது என்று நினைத்தாள். அந்தப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, “லத்திகா...” என்றாள்.

அவ்வளவுதான். லத்திகா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாக்கியம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத ஒரு பிள்ளைக்கு, யோசிக்காமல் அவள் சொன்னது. அன்று அந்தப் பிள்ளை அவள் மடியில் விழுந்து அழுதது. சோதனை வகுப்பு என்பதால் இயந்திரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு நன்றாக வேலை செய்த வாக்கியம் வேறு ஒன்று இல்லை என்று அது முடிவு செய்தது. எந்தப் பிள்ளை மடியில் விழுந்ததோ, அந்தப் பிள்ளையின் முகம் மெர்லினுக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. அந்த வாக்கியத்தை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. யாராவது ஒருத்தி எங்காவது அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் கணவன் ஸ்டாலின் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தபோது, மகள் பெனிட்டா ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அடக்கம் முடிந்து வந்த மாலை மெர்லின் அவளைக் கட்டிக்கொண்டு, “மக்ளே” என்றாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் பெனிட்டாவின் உடம்பு விறைத்தது.

“அம்மா, ஸ்கூல் மாதிரி பேசாத. ப்ளீஸ். சும்மா இரு.”

மெர்லின் சும்மா இருந்தாள். மாதக்கணக்கில் சும்மா இருந்தாள். சாப்பிடு, தூங்கு, குடை எடுத்தியா. தன் வாயில் எஞ்சியிருப்பது இவ்வளவுதான் என்று தோன்றியது. பெற்ற பிள்ளையிடம் பேசத் தனக்கென்று ஒரு சொல் இல்லாதவள் என்று இரவில் படுத்துக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழுகைகூட வரவில்லை. அழுகையையும் எங்கோ பதிவு செய்து வைத்திருப்பார்களோ என்றிருந்தது.

லத்திகா காதைப் பொத்திக்கொண்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் குக்கர் மூடி தெறித்துப் பருப்பு சுவரெல்லாம் அடித்தது. மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றித் தருகிறேன் என்று ஸ்டாலின் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். மெர்லின் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். இறந்தவனைப் பெயர் சொல்லித் திட்டினாள். அவள் வாயில் அதுவரை வராத கெட்ட வார்த்தைகள் வந்தன. “மாத்துதேன் மாத்துதேன்னு சொல்லியே செத்துப் போனியே பாவி, ஒனக்கு அங்க நல்ல சோறு கெடைக்காது பாத்துக்க” என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். வாசலில் வந்து நின்ற பெனிட்டா முதலில் திகைத்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று இருவருக்கும் தெரியாது. பருப்பு காய்ந்துகொண்டிருக்கும் தரையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஸ்டாலினின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டி, இருட்டும்வரை அழுதார்கள்.

அந்த வார வியாழக்கிழமை மாவட்ட மையத்துக்கு வரும்படி செய்தி வந்தது. சென்னையிலிருந்து வாரியத்தின் இயக்குநர் தயாளன் வந்திருந்தார். மென்மையான மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

“காப்பி சாப்பிடுங்க மேடம். லத்திகா விஷயம் பாத்தேன். அங்க மட்டும் இல்ல, எல்லா மாவட்டத்துலயும் ஆறுதல் எடுபட மாட்டேங்குது. பசங்க காதப் பொத்திக்குறாங்க. புதுசு புதுசா இயந்திரம் எழுதித்தான் பாக்குது. எதுவும் ஒட்டல.”

“நானும் பாத்தேன் சார்.”

“ஒரே ஒரு இடத்துல மட்டும் துயரக் குறியீடு சட்டுனு எறங்கியிருக்கு.” அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். செங்குத்தாக இறங்கும் ஒரு கோடு. மேலே பெனிட்டாவின் பெயர். “உங்க பொண்ணோட ஸ்கூல்ல யாரும் எதுவும் சொல்லல. சரிபாத்துட்டோம். திங்கக்கிழமை வந்தப்பவே முகம் தெளிஞ்சிருந்துச்சி. அப்ப வீட்லதான் நடந்திருக்கு. நீங்க என்னவோ சொல்லியிருக்கீங்க.”

மெர்லின் காப்பியைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூட வாசலில் தன் மகளின் முகத்தை யாரோ திங்கட்கிழமையும் படித்திருக்கிறார்கள். படிப்பார்கள் என்று தெரிந்ததுதான். அந்த இயந்திரங்களின் கண்ணாடியைத் துடைப்பவளே அவள்தான்.

“அது எங்களுக்கு வேணும் மேடம். அப்படியே. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் எப்படிப் பேசினீங்களோ அதே மாதிரி பேசுங்க. ஸ்டாலின் சார் பேர மாத்திக்கலாம், அதப் பத்திக் கவலப்படாதீங்க.”

“அத வகுப்புல சொல்ல முடியாது சார். அசிங்கமான பேச்சு.”

“இயந்திரம் பாத்துக்கும். யார்கிட்ட எவ்வளவு சொல்லலாம்னு அதுக்குத் தெரியும்.” அவர் தயங்கினார். “நீங்க நாகர்கோவிலுக்கு மாறுதல் கேட்டிருந்தீங்க. அது ஆயிடும். உங்க வீட்லயே இருக்கலாம்.”

அந்த வீட்டின் பின்வாசலில் ஸ்டாலின் வைத்த சப்போட்டா மரம் இருக்கிறது. நேற்றுகூட பெனிட்டா, “எப்பம்மா ஊருக்குப் போவோம்?” என்று கேட்டாள். மெர்லின் “பாப்போம்” என்றாள். அந்த ஊரில்தான் பெனிட்டாவுக்குத் தோழிகள் இருக்கிறார்கள். அவள் அப்பாவின் கல்லறை இருக்கிறது.

தயாளன் குரலைத் தாழ்த்தினார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். “லத்திகாவ நெனச்சுப் பாருங்க மேடம். உங்க பொண்ணுக்குக் கெடச்சது அந்தப் புள்ளைக்கும் கெடைக்க வேணாமா?”

மெர்லின் நினைத்துப் பார்த்தாள். கோமளா டீச்சர் லத்திகாவின் பெஞ்சருகே குனிகிறாள். காதுக்குள் குரல் வருகிறது. லத்திகாவின் அப்பாவை, அவர் செய்யாமல் விட்ட ஏதோ ஒன்றைச் சொல்லி, கோமளா திட்டுகிறாள். எவ்வளவு உரக்க, எந்த இடத்தில் கரகரக்க வேண்டும் என்பதும் காதுக்குள் வந்துகொண்டிருக்கிறது. லத்திகா சிரிப்பாள். நிச்சயம் சிரிப்பாள். அழுவாள். கோடு இறங்கும். அடுத்த ஆண்டு பின் வரிசைப் பிள்ளைகள் அந்த வசவையும் ஒப்பிப்பார்கள். பெனிட்டா தன் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒரு பிள்ளைக்காக யாரோ ஒரு டீச்சர் தன் அம்மாவைப் போலக் கத்துவதைக் கேட்பாள். அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடையதாக இருக்காது. மெர்லினுடையதாகவும் இருக்காது.

அந்த முதல் தடவையில் லத்திகாவுக்கு அது உதவும் என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. தான் நல்லவள் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். நல்லவளாக இருந்து சொன்ன வாக்கியத்தின் கதியைப் பார்த்தாகிவிட்டது.

“பொண்ண அப்புறம் கூட்டிட்டு வரலாம்,” என்றார் தயாளன். “இப்போதைக்கு நீங்க மட்டும் ஒரு தடவ சொல்லுங்க. ஞாபகம் இருக்குற வரைக்கும் போதும்.”

அவர் மேசையின் நடுவில் இருந்த ஒலிவாங்கியை அவள் பக்கம் நகர்த்தினார். அதன் நுனியில் சின்னப் பச்சைப் பொட்டு ஒன்று எரியத் தொடங்கியது.

“ஆரம்பிங்க மேடம்.”

மெர்லின் உதடுகளைச் சேர்த்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார். வேண்டாம் என்று சொன்னால் அதுவும் பதிவாகும். அந்த வேண்டாமும் நாளைக்கு எங்காவது ஒரு வகுப்பில், ஒரு ஆசிரியையின் காதில், நல்லவிதமாக மறுப்பது எப்படி என்று சொல்லித் தரும்.

அவள் தயாளனைப் பார்த்து, சத்தமில்லாமல், தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினாள்.