சத்தம் போகிற பக்கம்

ஃபிரிட்ஜின் உறுமல் நின்றுபோயிருந்தது. ஆர்விட் லாஹ்தி கதவைத் திறந்து பார்த்தான். உள்ளே விளக்கு எரிந்தது. பால் ஜில்லென்றுதான் இருந்தது. முதுகுப்பக்கம் கையை வைத்தால் அதிர்ந்தது. சத்தத்தை மட்டும் காணோம்.

அவனுக்கு முதலில் சந்தோஷம்தான், பாவி மனுஷன். புது வயர் வேலை செய்கிறது என்று நினைத்தான்.

ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரை அவனே செய்திருந்தான். மூன்று தடித்த செப்புக் கம்பிகளைச் சடைபோலப் பின்னி, மேலே செப்பு வலையை இழுத்துப் போர்த்தி, இரண்டு முனைகளிலும் பிளக்கை முறுக்கி, மத்தியானம்தான் செருகினான். சமையலறையில் ஈயம் பற்றவைத்த நெடி இன்னும் போகவில்லை. அடுப்புக்குள் சூடாகிக்கொண்டிருந்த மாட்டிறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டியின் வாசனையையும் அது விழுங்கியிருந்தது.

வழி சொல்லிக்கொடுத்தவன் சிநேகிதன் டுவேன். போனில் படித்துப் படித்துச் சொன்னான்: "டேய், அந்த வலைய சுவத்துப் பக்கம் மட்டும் கட்டு. அப்பதான் வீட்டு இரைச்சல் எல்லாம் மண்ணுக்குப் போவும். மாத்திக் கட்டினே, எல்லாம் உன் பொட்டிக்குள்ள வந்து குடியேறிடும்."

"எனக்கே பாடமாடா?" என்று சிரித்தான் ஆர்விட்.

இத்தனை பாடும் மனைவி லோர்னாவுக்காக. போன வசந்தத்தில் அவள் இதயத்தில் உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அறை அமைதியாக இருந்தால் அது கேட்கும். டிக். டிக். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இரவுகளைக் கழித்தான். ஆனால் பாட்டு அறை சோபாவில் அவள் படுத்தால் ஸ்பீக்கரின் 'உம்ம்' அதை மூடிவிடும். அந்த இரைச்சலை ஒழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"யோவ் கிழவா, பாட்டு கேக்குறப்பவும் பொண்டாட்டி உசுரோட இருக்காளான்னு காத தீட்டிக்கிட்டே இருப்பியா?" என்றாள் காலையில்.

"இருப்பேன்."

"நல்லா இரு. எனக்கு ஒரு வால்வு, உன் ஆம்ப்ளிஃபயருக்கு நாலு. யாரு முதல்ல போறோம்னு பாப்போம்."

அந்தப் பேச்சு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தான்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரியிலிருந்து கிளம்பிய பனிக்காற்று பைன் மரங்களைப் பிடித்து உலுக்கியது. கண்ணாடி நடுங்குவது தெரிந்தது. கேட்கவில்லை. கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி பீறிட்டது, விசில் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் சத்தமில்லாமல் தாவியது. ஒரு கரண்டியை எடுத்துத் தரையில் போட்டான். அது பஞ்சில் விழுந்ததுபோல விழுந்தது. 

லோர்னா!

பாட்டு அறைக்கு ஓடினான். தன் காலடிகூடக் கேட்கவில்லை. சோபாவில் கம்பளிக்குள் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மண்டியிட்டு நெஞ்சில் காதை வைத்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. உடம்பு சூடாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. காதை இன்னும் அழுத்தினான்.

டிக்.

அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது.

டிக்.

இடது ஸ்பீக்கர்.

பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனால் அதற்குள் ஃபிரிட்ஜ் உறுமியது. கெட்டில் விசிலடித்தது. காற்று ஊளையிட்டது. ஒரு கரண்டி விழுந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், தெளிவாக, அவளுடைய வால்வு.

வலை. அதை எந்தப் பக்கம் கட்டினான்? கண்ணை மூடிப் பார்த்தான். ஐயோ. ஆம்ப்ளிஃபயர் பக்கம்.

சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தான். பாதி வந்திருக்கும். டிக் திக்கியது. சோபாவில் லோர்னா வில்லாக வளைந்தாள். உதடு நீலம் பாரித்தது. பதறிப்போய்ப் பிளக்கை மறுபடி அழுத்தினான். உடம்பு தளர்ந்தது. டிக். டிக்.

ஊர்ந்து அவளிடம் போனான். அவள் கண்ணைத் திறந்தாள். கையெட்டும் தூரத்தில் இருந்த அவன் முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"ஆர்விட்? ஏன் அவ்ளோ தூரத்துல நிக்கிற?"

"இங்கதான் இருக்கேன், லோர்னா!" என்று கத்தினான். அது வலது ஸ்பீக்கரில் கேட்டது.

மேஜை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.

இந்த ஊரில் பெரும்பனி கொட்டினால் கரண்ட் போகும். எல்லா வருஷமும் போகும்.

பாய்ந்து போய்ப் பிளக்கை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்து அழுத்தினான். அழுத்தி என்ன பிரயோஜனம்? தெரியும். அழுத்தினான். வேண்டாம், வேண்டாம் என்றான். வலது ஸ்பீக்கர் வேண்டாம், வேண்டாம் என்றது.

விளக்கு அணைந்தது.

தெரு அணைந்தது.

இருட்டில் ஆம்ப்ளிஃபயரின் நான்கு கண்ணாடி வால்வுகள் மட்டும் சிவப்பாக இருந்தன. சூடு ஆறும்வரை அவை அப்படித்தான் இருக்கும். டிக். ஒன்று அணைந்தது. டிக். இன்னொன்று. அவளுடைய கை சோபாவின் விளிம்பில் அவனைத் தேடித் துழாவியது. அவன் பிளக்கை விடவில்லை.

"இங்க குளிருது," என்றது ஸ்பீக்கர், மிக மெல்லமாக.

மூன்றாவது அணைந்தது.

கடைசி வால்வில் ஒரு நூல் சிவப்பு மிச்சமிருந்தது. லோர்னா முகத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்.