வெயிட்டிங் ரூமில் கெங்குசாமி!

"அய்யய்யோ...!"

யுவஸ்ரீயின் அலறல், கௌசிகாநதி பம்ப்ஸ் கம்பெனியின் மீட்டிங் ஹாலைத் தாண்டி மோட்டார் வைண்டிங் செக்‌ஷன் வரைக்கும் கேட்டது.

எம்.டி. ரவிதேஜா கையிலிருந்த காபியைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டார்.

"என்னாச்சுங்க யுவஸ்ரீ? பாம்பா?"

"பாம்பு இல்லீங்க சார்... கெங்குசாமி சாருங்க!"

"எந்தக் கெங்குசாமி?"

"நம்ம சேல்ஸ் மேனேஜர் கெங்குசாமி சாருங்க! மீட்டிங்ல உக்காந்திருக்காருங்க!"

ஹாலில் பாதிப் பேர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

ஏனென்றால், கெங்குசாமி மாரடைப்பில் போய்ச் சேர்ந்து மூன்று மாசம் ஆகிறது. அன்னூரில் காரியம் முடிந்து, இதே ஹாலில் இருக்கும் அத்தனை பேரும் இலை போட்டுச் சாப்பிட்டும் வந்தாயிற்று!

எம்.டி.யின் செகரெட்டரி யுவஸ்ரீ விரலை நீட்டினாள். சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் திங்கட்கிழமை ஆன்லைன் மீட்டிங். பல்லடம் கிளை, சோமனூர் கிளை, சென்னை ஆபீஸ்... எல்லா முகங்களுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கட்டம்.

கட்டத்துக்குள் ஒரு பெயர்.

கெங்குசாமி.

கேமரா ஆஃப். மைக் ஆஃப். ஆள்... நிரந்தரமாகவே ஆஃப்!

அடுத்த விநாடி, பக்கத்து சாட் பெட்டியில் ஒரு வரி வந்து குதித்தது.

'வணக்கம். நீங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.'

இங்கிலீஷில்தான். ஆனால் பேய் எந்தப் பாஷையில் பேசினாலும் பேய்தானே!

சோமனூர் கிளை மேனேஜர் லைனைக் கட் செய்துவிட்டு ஓடிப்போனார். அக்கவுண்ட்ஸ்காரர் டி.வி.யைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார்... உங்க ரோலிங் சேரை நான் எடுத்துக்கிட்டது தப்புதானுங்க சார்! சாயங்காலமே திருப்பி வெச்சுடறேனுங்க!"

ஒரே ஒருத்தி மட்டும் அலறவில்லை.

ஆஃப்ரின். கம்பெனியின் ஐ.டி. ஹெட். கோட்டைமேட்டுப் பெண். எவனாவது கம்பெனி பைலை ஓசி வெப்சைட்டில் ஏற்றினால் போதும், மறு நிமிஷம் அந்த வெப்சைட்டை இழுத்து மூடிவிடுவாள். 'பூட்டு மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் பெயர்.

அவளுக்குப் பேய் பயம் இல்லை. வேறு பயம்.

சமீபத்தில் மூன்று பெரிய ஆர்டர்கள் வரிசையாகக் கைவிட்டுப் போயிருந்தன. மூன்றும் எட்டிமடை மோட்டார்ஸுக்கு! இவர்கள் என்ன ரேட் போட்டாலும் அவர்கள் அதில் மயிரிழை குறைத்துப் போட்டார்கள். போன வாரம் எம்.டி. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கொங்கு நாட்டு முறைப்படி மரியாதையாக மிரட்டியிருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஆஃப்ரின். ஆபீசோட எல்லாச் சாவியும் உங்க கையிலதானுங்க இருக்குது. ரேட்டு வெளிய போகுதுன்னா யாரு கொடுக்கறாங்கன்னு காட்டிப்போடுங்க. இல்லீனா... அது நீங்கதான்னு ஆகிப்போயிருமுங்க."

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். 'திருடி' என்ற பெயர் வந்தால்?



ஆஃப்ரின் கறுப்புக் கட்டத்தையே முறைத்தாள். சட்டென்று லேப்டாப்பை இழுத்துத் தட்டினாள். சிரித்துவிட்டாள்.

"சார், இது பேய் இல்லீங்க. ஆப்பு!"

"ஆப்பா?"

"மீட்டிங்ல பேசறதைக் கேட்டு, தானே நோட்ஸ் எழுதி மெயில் அனுப்புற ஆப்புங்க. கெங்குசாமி சார் யாருக்கும் சொல்லாம, சொந்த மெயில் ஐ.டி.யில ஓசியா போட்டு வெச்சிருக்காரு. கம்பெனி மெயிலை நான் அப்பவே மூடிப்போட்டேன். இது சொந்த மெயிலு. அவரு போனாலும் அது திங்கக்கிழமையானா கரெக்டா வந்து உக்காந்துக்குது!"

"இத்தனை நாளா யாரு கண்ணுலயும் படலியா?"

"போன வாரம் வரைக்கும் 'நோட்ஸ்'னு பேரு போட்டுட்டு வந்திருக்குதுங்க. ராத்திரி அப்டேட் ஆகியிருக்குது. தன்னைப் போட்டு வெச்சவரு பேரைப் போட்டுக்கிச்சு, வணக்கமும் சொல்லுது."

ஆஃப்ரின் மெல்லத் திரும்பினாள்.

"யுவஸ்ரீ... ஆன்லைன் வெயிட்டிங் ரூம்ல நிக்கறவங்களை நீங்க உள்ள விட்டாத்தானே வர முடியும்? நோட்ஸுனு ஒரு ஆளு வந்தா, யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

யுவஸ்ரீ முகம் சிவந்தாள்.

"அதெப்படிங்க மேடம்? வாசல்ல வந்து நிக்கறாங்க. நீங்க யாருன்னு கேட்டா மூஞ்சியில அடிச்சாப்பல இருக்காதுங்களா? சென்னை ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவராட்ட இருக்குதுன்னு 'வாங்க'ன்னு உள்ள விட்டுப்போட்டேனுங்க!"

"மூணு மாசமா?"

"மூணு மாசமாவும் வாங்கன்னேனுங்க. இன்னிக்கும் பேரைப் பார்க்காம 'வாங்க'ன்னு தட்டிப்போட்டு, அப்புறந்தான் பார்த்தேனுங்க."

கோடிக்கணக்கில் செலவழித்த ஃபயர்வாலுக்குள் ஒரு 'வாங்க' புகுந்து போயிருக்கிறது. ஆஃப்ரின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவரே மீட்டிங்ல இருந்தாப்பல நோட்ஸ் எழுதி அவரு மெயிலுக்கு அனுப்புது. அந்த மெயில் அவரு போன்ல இருக்கும். போன் இப்ப யாருகிட்ட?"

"அவரு ஊட்டம்மாகிட்டதானுங்க இருக்கும்," என்றாள் யுவஸ்ரீ. "அன்னூருங்க."

ஆஃப்ரின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

---

"வா கண்ணு! வெயில்ல வந்திருக்கிறியே... மொதல்ல மோரைக் குடி!"

கெங்குசாமியின் மனைவி பங்காரம்மா டம்ளரை நீட்டினாள். வாட்டசாட்டமான பெண்மணி. மேசை மேல், புருஷன் படத்துக்குப் பக்கத்திலேயே அவர் போன். சார்ஜில் போட்டு வைத்திருந்தாள்.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தனுங்கம்மா," என்று ஆஃப்ரின் இழுத்தாள். "சாரோட போனுங்களா அது? இன்னும் மெயில் எல்லாம் வருதுங்களா?"

"வருதே! திங்கக்கிழமையானா டாண்ணு வந்துடுது அம்மணி! 'கெங்குசாமி கூட்டத்தில் கலந்துகொண்டார். எதுவும் பேசவில்லை'ன்னு போட்டிருக்குது. மொதத் தடவை கேட்டப்ப எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அந்த மனுசன் என்னைக்கு எதுவும் பேசாம இருந்தாரு?"

சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அது வந்தா, அவரு ஆபீசு போயிட்டு ஊட்டுக்குத் திரும்பி வந்தாப்பல இருக்குது கண்ணு. அதுக்காகவே அந்தப் போனை அணைக்கறதே இல்ல."

ஆஃப்ரின் மோரை ஒரு வாய் குடித்துக்கொண்டாள். இருந்தாலும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"மெயில் இங்கிலீஷ்ல இருக்குமேங்கம்மா. யாரு படிச்சுச் சொல்றாங்க?"

"என்ற மருமவன்தான்! எம் மக சைத்ராவைக் கட்டினவரு. திங்கக்கிழமை சாயங்காலம் தவறாம வந்து, ஒரு வரி விடாம படிச்சுக் காட்டுவாரு. தங்கமான மாப்பிள்ளை!"

"அவரு எங்கீங்கம்மா வேலை பார்க்கறாரு?"

"எட்டிமடை மோட்டார்ஸ்ல அம்மணி. ரேட்டு போடற செக்‌ஷன்ல!"

மோர் புரை ஏறியது!

---

"அய்யோ!" என்று நாற்காலியில் சாய்ந்தார் ரவிதேஜா. "போலீசுக்குப் போலாங்களா?"

"யாரு மேல சார் கம்ப்ளைன்ட் கொடுப்பீங்க? திங்கக்கிழமை நாம பேசற ரேட்டையெல்லாம் நோட்ஸ் எடுத்தது செத்துப்போனவரு. வாங்கி வெச்சிருக்கறது அவரு சம்சாரம். மாமியாருக்குப் படிச்சுக் காட்டினது மருமவன். உள்ள விட்டது நம்ம யுவஸ்ரீ."

"சரிங்க, ஆனா இதை எங்க போர்டுல யாருங்க நம்புவாங்க? செத்தவரு, சம்சாரம், மருமவன்... ஐ.டி. பொண்ணு தப்பிக்கறதுக்குக் கதை கட்டுதுன்னுதான் சொல்வாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க..."

"நினைச்சுக்கல சார். நிரூபிக்கறேன்." ஆஃப்ரின் மேசை மேல் குனிந்தாள். "கென்யா ஆர்டருக்கு அடுத்த வாரம்தானே ரேட் போடறோம்?"

"ஆமாங்க. அதுவும் போச்சுன்னா நாம கடையைச் சாத்த வேண்டியதுதான்."

"அப்ப கெங்குசாமி சாரைப் பூட்ட வேண்டாம். அடுத்த திங்கக்கிழமை மீட்டிங்குக்கு அவரையும் கூப்பிடலாம்... மரியாதையா!"

---

அடுத்த திங்கட்கிழமை. வெயிட்டிங் ரூமில் கெங்குசாமி வந்து நின்றார்.

"வாங்க சார்! சாப்டீங்களா?" என்றபடி யுவஸ்ரீ உள்ளே விட்டாள். இந்தத் தடவை உத்தரவுப்படி.

ரவிதேஜா தொண்டையைச் செருமினார்.

"காப்பர் வெலை எகிறிப்போச்சுங்க. கென்யாவுக்கு ரேட்டை ஏத்தித்தான் போடோணும்." ஒரு தொகையைச் சொன்னார். நிஜ ரேட்டைவிட எக்கச்சக்கமாக அதிகம்!

புரொடக்‌ஷன் மேனேஜர் சாஜித், ஸ்கூல் நாடகத்தில் கூட வேஷம் கிடைக்காத மனிதர். துள்ளி எழுந்தார்.

"ஏத்துங்க சார்! இன்னும் ஏத்துங்க! காப்பர் கம்பிய நினைச்சா எனக்குத் தூக்கமே வரலீங்க சார்!"

மேசைக்கடியில் ஆஃப்ரின் அவர் காலை மிதித்தாள்.

"போதுங்க பாய்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

மீட்டிங் முடிந்தது. சாட் பெட்டியில் ஒரு வரி குதித்தது.

'நன்றி. குறிப்புகளை அனுப்பிவிட்டேன்.'

இனிமேல் காத்திருப்பதுதான் வேலை. அந்த நாட்களில் ஆஃப்ரினுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, போகிற இடத்திலெல்லாம் ஒரு புது வம்பு. பல்லடம் டீலர் போன் செய்து, "ரொம்ப சந்தோசமுங்க!" என்றார். சோமனூரிலிருந்து ஒருத்தர், "எந்த மண்டபமுங்க?" என்று கேட்டார்.

ஊரே கழன்றுபோய்விட்டதா என்ன? ஒன்றும் புரியவில்லை அவளுக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கென்யாவிலிருந்து பதில் வந்தது.

ரவிதேஜா படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் எழுந்து நின்றுகொண்டார்.

"ஆர்டர் நமக்குத்தானுங்க! எட்டிமடைக்காரங்க நம்ம பொய் ரேட்டுல மயிரிழை குறைச்சுப் போட்டிருக்காங்க. நாம நிஜ ரேட்டைப் போட்டு ஜெயிச்சுப்போட்டோம்!"

ஹாலில் கைத்தட்டல்! சாஜித், தன் நடிப்புக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துத் தலை குனிந்து வணங்கினார்.

ரவிதேஜா ஆஃப்ரினிடம் வந்தார்.

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுப்போட்டேனுங்க. மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்லீங்க சார்," என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொலபொலவென்று கன்னத்தில் இறங்கியது.

அப்போது அவள் போன் அலறியது.

பங்காரம்மா!

"அம்மணி... ஆர்டர் கெடச்சுதா?"

ஆஃப்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"எ... எந்த ஆர்டருங்கம்மா?"

"நோட்ஸ்ல வந்த கென்யா ஆர்டர்தான் கண்ணு! மாப்பிள்ளை எங்க வேலைன்னு சொன்னதும் உன்ற மூஞ்சி சுண்டிப்போச்சே... நான் என்ன கண்ணை மூடிட்டா உக்காந்திருந்தேன்? நீ போனதுக்கப்புறம் யோசிச்சேன். எல்லாம் புரிஞ்சுபோச்சு."

ஹாலில் எல்லோரும் போனைச் சுற்றி நெருங்கி வந்தார்கள்.

"போன திங்கக்கிழமை நோட்ஸ் படிக்க வந்தவரு, 'ஏனுங்க அத்தை, கௌசிகாநதியில இருந்து ஐ.டி. பொண்ணு வந்திருந்துச்சாமே, எதுக்கு?'ன்னு கேட்டாரு. பக்கத்து ஊட்டுக்காரி போட்டுக் கொடுத்துட்டா!"

யா அல்லாஹ்! அந்த ஒரு கேள்விக்கு நிஜ பதில் வந்திருந்தால்... பொய் ரேட்டும் போச்சு, ஆர்டரும் போச்சு, ஆஃப்ரின் மானமும் போச்சு!

"நீங்க என்னங்கம்மா சொன்னீங்க?"

"உன்ற கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க வந்தீன்னு சொல்லிப்போட்டேன்!"

பல்லடம் டீலரின் சந்தோஷத்துக்கும், சோமனூர்க்காரரின் மண்டபத்துக்கும் இப்போதுதான் அர்த்தம் விளங்கியது.

"ஏனுங்கம்மா... சொந்த மருமவன்கிட்டயே மறைச்சீங்களா?"

"மருமவனா இருந்தா என்ன? என்ற ஊட்டுக்காரரு ஆயுசு பூராவும் அந்தக் கம்பெனிக்கு உழைச்சாரு. அவரு பேரை வெச்சே அதைக் கவுத்தா, பார்த்துட்டுச் சும்மா இருப்பனா? அவங்க ரேட்டு போட்டு முடிச்சப்புறம், நேத்து அவரைக் கூப்பிட்டு நல்லாக் கேட்டுப்போட்டேன். தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போனாரு."

பிறகு குரல் இறங்கியது.

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. அந்த மெயிலை மட்டும் நிறுத்திப்போடாதே. திங்கக்கிழமை வரலீனா எனக்கு என்னமோ மாதிரி ஆயிரும்."

ஆஃப்ரின் எம்.டி.யைப் பார்த்தாள். எம்.டி. ஆஃப்ரினைப் பார்த்தார். அனுமதியில்லாத ஒரு ஆப் கூட இனி ஆபீசுக்குள் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட பேனாவைத் திறந்து வைத்திருந்தவர், மெல்ல மூடினார்.

"நீங்களே பார்த்து ஏதாவது பண்ணுங்க ஆஃப்ரின்."

பண்ணினாள்.

அன்றைக்கே மீட்டிங் லிங்க் மாறியது. யாருக்கு எந்த ஆப் வேண்டுமானாலும் இனி அவளிடம் கேட்க வேண்டும். நியாயமானதென்றால் அவளே போட்டுக் கொடுப்பாள். வெயிட்டிங் ரூமில் யார் நின்றாலும், "தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க யாருங்க?" என்று கேட்க யுவஸ்ரீக்குப் பயிற்சி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

கெங்குசாமிக்கு மட்டும் முறைப்படி அனுமதி கிடைத்தது. எம்.டி. மீட்டிங்குக்கு அல்ல. திங்கட்கிழமை கேன்டீன் கமிட்டிக்கு! எந்த நாள் என்ன குழம்பு, யாருக்கு உப்பு பத்தவில்லை... எதிரிக்குப் போனாலும் கம்பெனி கவிழாத ரகசியங்கள்.

முதல் வாரமே அன்னூருக்கு மெயில் போனது. 'கெங்குசாமி கூட்டத்தில் கலந்துகொண்டார். எதுவும் பேசவில்லை. புதன்கிழமை அரிசிம்பருப்பு சாதம் போடுவதாக முடிவு.'

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வந்த மாப்பிள்ளைதான் அதையும் படித்துக் காட்டினார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே எட்டிமடை மோட்டார்ஸ் கேன்டீனில் அரிசிம்பருப்பு சாதம் போட்டார்கள்... ஒரு கரண்டி நெய் கூடுதலாக!