நாடாவுக்குக் காத்திருந்த தக்காளி

இதனால் நெல்லியடிப் பொதுமக்கள், ஆடுமாடுகள் உள்ளிட்ட சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: அரசாங்கக் காணியில் விவசாயிகள் தாங்களே விற்கும் சந்தை, புதன்கிழமை காலை ஒன்பது மணிச் சுபவேளையில், பிரதம அதிதியின் திருக்கரங்களால் திறந்துவைக்கப்படும்.

பத்தரையாகியும் திருக்கரங்களைக் காணவில்லை. பந்தல் முழுவதும் வெற்றுக் கதிரைகளுக்கு. மரக்கறிக்கு வெயில்.

தக்சாயினி விடியமுன்னம் தன் தோட்டத்தில் ஆய்ந்த ஐந்து பெட்டித் தக்காளியும் கண்ணெதிரே இளகிக்கொண்டிருந்தது. பழைய சந்தைக்குக் கொண்டுபோகலாம்... அங்கே நூறு கிலோவில் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வெட்டிவிட்டுத்தான் வியாபாரி வாயே திறப்பான். கழித்த பத்தும் அவன் கடையிலேயே விலைபோகும்.

ஒரு பெட்டியைத் தூக்கி, பந்தலின் நடுக்கதிரையில் வைத்தாள்.

ஓடிவந்தான் பிரகலாதன், சந்தைக்குப் பொறுப்பான உத்தியோகத்தன்.

"தங்கச்சி, அது பிரதம அதிதியின்ரை கதிரை!"

"நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை, சேர். வெயில் பட்டால் அவர் அழுகிப்போவாரோ?"

நிமிர்ந்து பார்த்தான். வடமராட்சி மழை கண்டு மூன்று மாதம். அந்தக் கண்களிலோ இடியும் மின்னலும்...

"நாடா வெட்டாமல் விக்க ஏலாது. சட்டம்."

"எந்தச் சட்டத்திலை கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்."

அவன் கையில் நிகழ்ச்சிநிரல் மட்டுமே இருந்தது.

தொலைபேசி அடித்தது. அதிதி இன்னோர் ஊரில் இன்னொரு நாடா வெட்டுகிறார், பின்னேரம்தான் வருவாராம். அதுவரை ஒருவரும் விற்கக்கூடாதாம்.

தக்சாயினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய சந்தைப் பக்கம் திரும்பினாள்.

பிரகலாதன் அவள் போவதைப் பார்த்தான். 'திட்டிப்போட்டுப் போயிருக்கலாமே... எனக்கேன் இப்பிடிக் கோவம் வருது? அவளிலை இல்லை... என்னிலை!'

"நில்லுங்கோ!"

பூசணி வெட்டும் கத்தியை வாங்கி நாடாவை அறுத்தான். ஒருவரும் கைதட்டவில்லை. சனம் பையோடு நேரே தக்காளிக்கு ஓடியது.

மத்தியானத்துக்குள் ஐந்து பெட்டியும் காலி. ஒரு கிலோகூடக் கழிவில்லை.

"தக்சாயினி..." பதிவுப் பட்டியலில் தேடிப்பிடித்த பெயர். "உங்களோடை ஒண்டு கதைக்கவேணும்..."

"கதையுங்கோ. இதுக்கும் பிரதம அதிதி வரவேணுமோ?"

"எனக்கு உங்களைக் கட்டவேணும்... வீட்டை வந்து கேக்கட்டோ?"

"காலமை உந்தப் பேச்சுப் பேசினனே, அதுக்குப் பிறகுமோ?"

"அதுக்காகத்தான்."

தராசைத் துடைப்பதுபோல் குனிந்து சிரிப்பை ஒளித்தாள்.

"ஓம்... வாங்கோ."

நாடா வெட்டிய குற்றத்துக்கு, அடுத்த திங்கட்கிழமை அவனைத் தூரத்து மன்னாருக்கு இடமாற்றினார்கள்.