கடைசி அத்தியாயம் முதலில்

ஜூலியாவுக்கு வலது தோள் விண் விண்ணென்று தெறித்தது.

மூன்று வாரமாகக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். பகலெல்லாம் சிமென்ட் மூட்டை தூக்கிவிட்டு வந்து நாவல் எழுதிய அப்பா ஓஸ்வால்ட், இதே வலியை நாற்பது வருஷம் சுமந்தார். முனகியதில்லை.

இவள் முனகினாள்.

காலிங் பெல் அலறியது!

லிங்கராஜபுரத்து சிங்கிள் பெட்ரூம் வீட்டுக்குள் காலை பத்து மணிக்குப் பாய்ந்தவர்... சேஷகிரி. அப்பாவின் க்ரைம் நாவல்களை மாதாமாதம் போட்ட பதிப்பாளர்.

கையில் கத்தி!

"நேத்து போன்ல திமிராச் சொன்னியே, அப்பனப் பத்தி புக்குன்னு... எடு அத!"

"காபி சாப்பிடுறீங்களா அங்கிள்? கத்திய கீழ வெச்சிட்டு."

"கொழுப்புடி உனக்கு!"

"அப்பா சொத்து. அது ஒண்ணுதான் விட்டுட்டுப் போனாரு."

மூன்று மாதம் முன்பு சேஷகிரியின் குடோன் மாடிப்படியில் உருண்டு செத்தார் ஓஸ்வால்ட். கால் வழுக்கிவிட்டது என்றது போலீஸ். அன்றைக்கு அவரைப் பார்க்கவேயில்லை என்று சத்தியம் செய்தார் சேஷகிரி.

"நாவல் கொடுக்க வந்தவரு குடோன்ல பார்த்துட்டாரு. அவரோட பழைய நாவல் அட்டையிலெல்லாம் உங்க மகன் பரத் பேரு! கேட்டாரு. தள்ளிட்டீங்க."

"சாட்சி?"

"நாவல் வாங்கினா, ஜெராக்ஸோட முதல் பக்கத்துல தேதி போட்டுக் கையெழுத்து வெப்பீங்களே... பழக்க தோஷம்! அன்னிக்கும் வெச்சிருக்கீங்க. அப்பா சட்டைப் பையில இருந்துச்சு."

சேஷகிரிக்கு வியர்த்தது.

மேஜையிலிருந்த தாள் கட்டை அள்ளினார். கேஸ் அடுப்பில் போட்டுத் திருகினார். குபுக்!

"உன் கதை முடிஞ்சுது!"

"எண்ணினீங்களா அங்கிள்?"

"எ... என்னத்த?"

"பதினோரு அத்தியாயம்தான் எரியுது. அப்பா கடைசி அத்தியாயத்தத்தான் முதல்ல எழுதுவாரு. நடுவுல கொலைகாரன் மாறிடக் கூடாதாம். நானும் அப்படித்தான்!"

"எங்கடி அது...?"

"நம்ம ஹத்திர இதே, சார். போலீஸ்கிட்ட பத்திரமா இருக்கு."

வாசலில் இன்ஸ்பெக்டர் ஸ்ரீஹர்ஷா. அரை மணியாகப் பக்கத்து வீட்டில் காத்திருந்தவர்.

"அந்தக் கையெழுத்துப் பக்கமும் நேத்தே வந்திடிச்சு. நடீரி, ஸ்டேஷனுக்கு!"

விலங்கு மாட்டிய கையோடு சேஷகிரி சீறினார்.

"எல்லாம் சாம்பல்! உங்கப்பன் புக்கு வரவே வராது!"

அடுப்பைப் பார்த்தாள் ஜூலியா. ஜெராக்ஸ் எடுத்து வைக்கவில்லை. குமிழைத் திருகி அணைத்தாள்.

"வரும். அட்டையில அப்பா பேரு யானை சைஸுல இருக்கும். முதல் காப்பி ஜெயிலுக்கே வரும் அங்கிள்... தேதி போட்டுக் கையெழுத்து வெச்சு வாங்கிக்குங்க!"

தோளை ஒருமுறை சுழற்றிவிட்டுப் புதுத் தாள் கட்டைப் பிரித்தாள்.

அப்பாவுக்குப் பதினோரு அத்தியாயம் பாக்கி.