நாலு டிகிரி

சிதறால் மலைக்குப் போகிற சாலையில், ரப்பர் தோட்டம் முடிந்து வீடுகள் தொடங்கும் வளைவில் ரெஜிலாவின் மினிலாரி வந்து நின்றபோது புதன்கிழமை காலை பத்து மணி. ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. மூன்று கம்ப்யூட்டர், இரண்டு கேமரா, ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு. முப்பத்தாறு வயதில் அவளுடைய சொத்து அவ்வளவுதான். மார்த்தாண்டத்தில் அவள் இருந்த மாடி அறைக்குக் கீழே மர அறுவைப் பட்டறை ஒன்று வந்துவிட்டது. ஃபேன் சத்தத்தை அளக்க மைக் வைத்தால் ரம்பம்தான் பதிவாகும். அதனால்தான் இந்தத் தனி வீடு.

கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து யூடியூபில் சொல்வது அவள் தொழில். ஏழு வருடமாக ஒரே பிடிவாதம்: தன் கையால் அளக்காத எண்ணைச் சொல்ல மாட்டாள். கம்பெனி கொடுத்த தாளை வாசித்துப் பல்லிளிக்க வேறு ஆளைப் பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ரெஜிலா சொன்னால் சரியாக இருக்கும் என்று நாலு பேர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை, அது அவளுக்கே தெரியும்.

வீட்டுக்காரர் ஸ்டெனி குவைத்தில் இருந்தார். சாவி பக்கத்து வீட்டு பெமிலா அக்காவிடம். அக்கா சாவியை நீட்டினாளே தவிர, வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெரிய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கிக் கொண்டுபோவதைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“அதை ஹால்லயா மக்கா வைக்கப்போற?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஹாலில்தான் வைக்க முடியும். நடு ஹாலில், தரையோரமாக, பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தது. ஃபிரிட்ஜுக்கும் ஆகாத, ஏசிக்கும் ஆகாத இடத்தில் எந்தப் புண்ணியவான் இதை வைத்தானோ என்று நினைத்துக்கொண்டே அவள் மேசையை அங்கே இழுத்துப் போட்டாள்.

சோதிக்க வேண்டிய சாமான் ஒரு வாட்டர் கூலர். பிராசஸர் சூடானால் அந்தச் சூட்டைத் தண்ணீர் குழாய் வழியாக இழுத்து, மூன்று ஃபேன் வைத்த ரேடியேட்டரில் கொண்டுபோய் ஆற்றும். இதில் விசேஷம், பம்பின் தலையில் பப்படம் அளவுக்கு ஒரு வட்டத் திரை. சூடு எத்தனை டிகிரி என்று அதில் எண் ஓடும். வேண்டுமானால் நம் புகைப்படத்தையும் போட்டுக்கொள்ளலாம். அனுப்பியவன் பெங்களூரில் அந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் சுபின். நாகர்கோவில் பையன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ வந்தாக வேண்டும் என்று மூன்று முறை ஃபோன் பண்ணிவிட்டான்.

வியாழன் மத்தியானம் சோதனையைத் தொடங்கினாள். முதலில் சுவரில் தெர்மாமீட்டர். ஹாலின் சூடு முப்பத்துமூன்று. பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துவிட்டுக் குறிப்பு எழுதினாள். திரை வெளிச்சம் நன்று. எண் தூரத்திலிருந்தே தெரிகிறது. பம்பில் லேசான கரகரப்பு. சாஃப்ட்வேர் படுமோசம், இரண்டு தடவை தொங்கிற்று. அரைமணி நேரத்தில் திரை அறுபத்தொன்றில் நின்றது. பரவாயில்லை, நல்ல கூலர்தான் என்று எழுதிவிட்டு சாயா போட எழுந்தாள்.

திரும்பி வந்தபோது திரையில் முப்பது.

ரெஜிலா தம்ளரைக் கீழே வைத்தாள். சூடான சாயாவை எத்தனை ஆற்றினாலும் அது அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. வாட்டர் கூலரும் அப்படித்தான். முப்பத்துமூன்று டிகிரி ஹாலில் முப்பது வர வழியே இல்லை. சென்சார் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடிப்பார்களே, அந்தத் துப்பாக்கியை எடுத்துக் குழாய்க்கு நேரே பிடித்தாள். அதுவும் முப்பதுக்குக் கீழேதான் காட்டியது.

இருபத்துநாலு. பதினெட்டு. பதினொன்று.

குழாய்கள் வியர்த்தன. பெட்டியின் கண்ணாடி மெல்ல வெளுத்து, உள்ளே இருந்த ஃபேன்கள் மங்கின. தண்ணீர் சொட்டினால் போர்டு போய்விடுமே என்ற பதைப்பில் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். அப்போதுதான் புரிந்தது, பனி கண்ணாடிக்கு உள்பக்கம் படிந்திருந்தது.

திரையில் நாலு.

அது அங்கேயே நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேன் நின்றது, பம்பு நின்றது. சாவு வீட்டில் தெளிக்கிற யூடிகோலன் வாசம் ஹாலில் வந்தது, கூடவே வாடிய மலர்வளையத்தின் நாற்றமும்.

கரண்ட் இல்லாத திரையில் நாலு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நகத்தால் கண்ணாடியைச் சுரண்டுகிற சத்தம். அவசரமில்லாமல், பலமில்லாமல், ரொம்ப நேரமாகச் சுரண்டிக் களைத்துப்போன விரலின் சத்தம்.

ரெஜிலா பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனால் கேமராவை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்த பிறகுதான் வெளியே ஓடினாள்.

சென்சார் கெட்டிருக்குமா என்று கேட்டு அந்தப் படத்தை சுபினுக்கு அனுப்பினாள். அவன் குதித்துக்கொண்டு ஃபோன் பண்ணினான். நாலு டிகிரி என்றால் உலகத்தில் எவனும் காட்டாத எண்ணாம், அப்படியே போட்டுவிடுங்கள் அக்கா, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றான். இதைப் பச்சைப்பொய் என்பார்கள் தம்பி என்று சொல்லி அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

பெமிலா அக்கா தவிப்போடு வேலியருகே நின்றிருந்தாள். ரெஜிலா சுற்றி வளைக்கவில்லை. ஹாலில் என்ன நடந்தது என்று நேராகக் கேட்டாள். அக்கா முதலில் ஒன்றுமில்லை என்றாள். நாலு என்ற எண்ணைச் சொன்னதும் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டெனியின் அம்மா சத்தியபாய் இறந்தது போன வருடம், இதே ஏப்ரலில். மத்தியானம் மயங்கி விழுந்தாள். கம்பவுண்டர் வந்து நாடி பிடித்து முடிந்துவிட்டது என்றார். இந்தப் பக்கம் வீட்டுக்கொரு ஆள் வெளிநாட்டில். பிள்ளை விமானம் ஏறி வரும்வரை உடல் ஃப்ரீசர் பெட்டியில் கிடப்பதுதான் வழக்கம். எலெக்ட்ரீஷியன் வந்து நடு ஹாலில் பிளக் வைத்தான். கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒரு மணி நேரத்தில் வந்தது. அதன் தலைமாட்டிலும் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் நாலு என்று சிவப்பாக எரிந்தது. ஸ்டெனி வீடியோ காலில் வந்து, தான் வரும்வரை மூடியை யாரும் திறக்கக் கூடாது, குளிர் போய்விடும் என்று அழுதுகொண்டே சொன்னார்.

“மறுநாள் காலைல கண்ணாடி வெளுத்துப் போச்சு மக்கா” என்றாள் பெமிலா. “ஸ்டெனிக்கு அம்மைக்க முகத்தைக் காட்டணும்னு நான்தான் துவர்த்தை எடுத்துத் தொடச்சேன். போகல்ல. பனி உள்பக்கமாக்கும். மூக்குக்கு நேரே மட்டும் அது மூச்சு விடுக மாதிரி கூடிக் கொறஞ்சுது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் நான் தொறக்கல்ல.”

ஏன் என்று ரெஜிலா கேட்டாள்.

“மகன் வராம தொறக்கப்பிடாதுன்னு எல்லாரும் பறஞ்சாவ. அத்தனை பேருக்கு முன்னால நான் எப்படித் தொறப்பேன்?” அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நாலாம் நாள் அவன் வந்து தொறந்தான். நெஞ்சுல பைபிளைப் பிடிச்சிருந்த கை கண்ணாடிப் பக்கமா நீண்டு இருந்து. விறைச்சதுல அப்படி ஆச்சுன்னு பறஞ்சு அடக்கம் பண்ணியாச்சு.”

 ரெஜிலாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அக்காவைத் திட்டவும் மனசு வரவில்லை, தேற்றவும் வரவில்லை. அன்று அவள் படுத்தது அக்கா வீட்டில்.

ஊர்ப்பேச்சு குவைத்துக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? வெள்ளிக்கிழமை விடியும்போதே ஸ்டெனியின் வாட்ஸ்அப் வந்துவிட்டது. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போனால் அன்றே சாமானை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், கம்பெனி சொன்னபடி வீடியோவைப் போட்டுவிட்டுப் பேசாமல் இரு என்று இருந்தது. கம்பெனி வீடியோ விஷயமும் அதே ஊர்ப்பேச்சோடு போய்ச் சேர்ந்திருந்தது போலும். ஒருத்தன் இல்லாத பெருமையைச் சொல்லச் சொல்கிறான், இன்னொருத்தர் நடந்த உண்மையை விழுங்கச் சொல்கிறார். ரெஜிலாவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே, காலை ஒன்பது மணி வெயிலில், அந்த வீட்டுக்குள் நடந்தாள்.

ஹால் ஜில்லென்று இருந்தது. பிளக் பிடுங்கியபடியே தரையில் கிடந்தது. திரையில் நாலு.

கேமராவை ஓடவிட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டாள். வெளுத்த கண்ணாடியில் ஓரிடத்தில் மட்டும் பனி அழிந்திருந்தது. உள்ளங்கை அளவு இடம். ஐந்து விரலும் தெரிந்தன.

“சத்தியபாய் அம்மா” என்றாள்.  “இது உங்க பெட்டி இல்ல. எனக்க கம்ப்யூட்டர் பெட்டி. அன்னைக்கு ஒருத்தரும் தொறக்கல்ல, நான் தொறக்கேன். எவன் வேண்டாம்னு சொன்னாலும் தொறக்கேன். ஆனா எனக்க எண்ணுல மட்டும் கை வைக்கப்பிடாது, கேட்டீங்களா?”

சுரண்டல் நின்றது.

முதல் திருகு வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நாலாவது மட்டும் அசையவே இல்லை. உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியை முழு பலத்தோடு தள்ளியதில் திருகு இறுகிப்போயிருந்தது.

“தள்ளாதீங்கம்மா” என்று முணுமுணுத்தாள். “நான் இருக்கேன்லா. கொஞ்சம் பொறுங்க.”

கண்ணாடி தளர்ந்தது.

திருகு கழன்றது.

மூடியை இழுத்தாள். மூச்சு ஒன்று, ரொம்ப நாள் அடக்கி வைத்த நீளமான மூச்சு, அவள் கன்னத்தில் மோதிக் காதைக் கடந்து போனது. அவளுடைய மணிக்கட்டை விறைத்த ஐந்து விரல்கள் ஒரு கணம் பிடித்தன, பிறகு விட்டன. வட்டத் திரையில் எண் ஏறியது. பத்து, இருபது, முப்பத்துமூன்று. அதற்கப்புறம் அது அணைந்தது.

ரெஜிலா அப்படியே தரையில் உட்கார்ந்து, பெரியவர்கள் செத்த வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். தலையைத் தூக்கியபோது வாசற்படிக்கு உள்ளே பெமிலா நின்றிருந்தாள். கேமராவை அணைக்காதே, நான் செய்ததை நானே சொல்லுகிறேன் என்று வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் கூலரைத் துடைத்துக் காயவைத்து மறுபடி சோதித்தாள். அதே அறுபத்தொன்று. ஐந்து மணிக்கு வீடியோ வெளியே போனது. சாதாரண நாளில் இந்தக் கூலர் அறுபத்தொன்று காட்டும், திரை அழகு, சாஃப்ட்வேர் ஆகாது, வாங்குவது உங்கள் இஷ்டம் என்றாள். நாலு டிகிரியும் காட்டியது, அதற்குக் கூலர் காரணமில்லை என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெமிலாவும் சொன்னாள். இனி உங்களுக்கு ஒரு சாமானும் வராது என்று சுபின் செய்தி அனுப்பினான். வேண்டாம் என்று பதில் போட்டாள்.

ஆறு மணிக்கு ஸ்டெனி கூப்பிட்டார். ரெஜிலா கட்டிலைப் பிரித்து வைத்துத் தயாராகத்தான் இருந்தாள். இறங்கச் சொன்னால் இறங்கலாம், சொன்னதைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று முடிவுகட்டியிருந்தாள். ஃபோனை எடுத்ததும் அவர் கத்தத் தொடங்கினார். மானம் போச்சு, வழக்குப் போடுவேன், இந்த நிமிஷமே என் வீட்டை விட்டு—

பாதியில் நின்றுவிட்டது.

“ரெஜிலா” என்றார், குரல் இறங்கி. “அங்க உனக்கப் பக்கத்துல யாரு?”

யாரும் இல்லை. ஹாலில் அவளும் ஒரு காலி நாற்காலியும்தான். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அப்படியே சொன்னாள்.

“இல்ல. என்னைப் பேரு சொல்லி விளிக்கா” என்றார் ஸ்டெனி. அவர் பல் அடித்துக்கொள்வது இவளுக்குக் கேட்டது. “ஃபோனை வைச்சிரு. வைச்சிரு, ரெஜிலா.”

ரெஜிலா வைக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். ஃபோனை அந்தக் காலி நாற்காலியின் கைப்பிடியில் சாய்த்து வைத்தாள்.

“பேசுங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

நிதானமாகச் சாயா போட்டாள், நிதானமாகக் குடித்தாள், தம்ளரைக் கழுவி வைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியும் கால் துண்டிக்கப்படவில்லை. ஹாலில் ஒரு பேச்சும் இல்லை. ஃபோனில் மட்டும், மறுமுனையில் நாற்பத்தைந்து வயது ஆண் ஒருவன் அழுகைக்கு நடுவே, யாரோ சொல்லச் சொல்லக் கேட்பவனாக, விட்டுவிட்டு “ம்” கொட்டிக்கொண்டிருந்தான்.