கோடு சுற்றாத புள்ளி

ஆகஸ்ட் 17, ஞாயிறு.

பிழை என்னுடையது. செல்போனைப் படகின் விளிம்பில் வைத்தேன். துறையைத் தாண்டுவதற்குள் அது தண்ணீரில் விழுந்துவிட்டது. அதனால் காட்டு முகப்பில் வனக்காவலர் குடிசைச் சுவரில் இருந்த கால்வாய் வரைபடத்தைப் படம்பிடிக்க வழியில்லை. மனத்தில்தான் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

என் தோழி வேம்புவின் அண்ணன் ராசு, மூழ்கிய பழைய படகின் வெண்கல மணியைத் தேடி விடியலில் அலையாத்திக் காட்டுக்குள் போனவர். மதியமாகியும் திரும்பவில்லை. ஊரார் படகுகள் தெற்கே தேடின. நாங்கள் வடக்கே புறப்பட்டோம். மணி வடக்கு மடுவில் கிடக்கிறதென்று அவர் வேம்புவிடம் மட்டும் சொல்லியிருந்தார்; அந்த மடு வரைபடத்தில் இருந்தது.

"திட்டெல்லாம் புள்ளி, கால்வா கோடு. சிக்குக் கோலந்தான்டி இது!" வேம்பு விரலால் காற்றில் போட்டுப் பார்த்தாள். "வந்துடுச்சு. கெளம்பு!"

மாலை ஓவிய வகுப்பில் நான் பழகிய முறை வேறு. ஒரு மூலையைப் பார்ப்பேன், கண்ணை மூடுவேன், மறுபடி பார்ப்பேன், பிறகுதான் அடுத்த மூலை. கடைசி மூலையில் நான் இருந்தபோதே அவள் துடுப்பை எடுத்துவிட்டாள்.

உள்ளே பறவைச் சத்தம் அடங்கியது. கிளைகள் தலைக்கு மேல் மூடிக்கொண்டன. வேர்களில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. கடல் ஏறுகிறது! ராசு அண்ணனின் படகு கவிழ்ந்து மிதந்து வந்தது. அதில் ஆள் இல்லை.

"அண்ணா!" வேம்பு கத்திக்கொண்டே துடுப்புப் போட்டாள்.

அடுத்த பிரிவில் வேம்பு இடப்பக்கம் திருப்பினாள். கால்வாய் ஒடுங்கிக் கருஞ்சேற்றில் முடிந்தது.

"இருக்காது! அந்தப் பக்கம் வளைஞ்சுதில்ல? இந்தப் பக்கமும் வளையணும்!"

கண்ணை மூடினேன். மூலை மூலையாக வந்தேன். கடைசி மூலை மங்கல். அங்கே ஒரு புள்ளி தனியே நின்றது. கோடு அதைச் சுற்றாமல் நேரே போனது. உண்மையாகவே பார்த்தேனா? தவறாகச் சொன்னால் ராசு அண்ணன் உயிர் போய்விடும். சொல்லாவிட்டாலும்தான்.

"ஒரு புள்ளி விட்டுப்போயிருந்துது, வேம்பு."

"புள்ளிய விட்டா அது கோலமாடி?"

"அது கோலமே இல்ல! நாலாவது மூலைய நீயா போட்டுக்கிட்ட."

அவள் முகம் வெளுத்தது. படகைத் திருப்பினாள். நேரே விரைந்தோம்.

மடுவின் ஓரம், ஒரு வேரைக் கட்டிப்பிடித்தபடி ராசு அண்ணன்! கால்கள் சேற்றில் புதைந்திருந்தன. தண்ணீர் கழுத்தைத் தொட்டிருந்தது. அவர் அக்குளில் கயிற்றைக் கட்டி இழுத்தோம். அசையவில்லை. தண்ணீர் மோவாய்க்கு ஏறியது. வேம்பு கயிற்றைப் பிடித்தபடி, படகே சரியும்படி பின்னுக்குச் சாய்ந்தாள். சேறு அவரை விட்டது!

"மணி அங்கதான் கெடக்கு, கால்ல தட்டுச்சு" என்றார், பற்கள் அடித்துக்கொள்ள.

"மணியா? இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா ஒனக்குச் சங்கு ஊதியிருப்பாங்க!" என்று அழுதுகொண்டே வேம்பு அவர் முதுகில் அறைந்தாள்.

துறையில் ஊரே ஆர்ப்பரித்தது. நான் படகிலேயே உட்கார்ந்து நான்கு மூலைகளையும் மறுபடி மனத்தில் வரைந்து பார்த்தேன். பாராத இடத்தையும் மனம் அழகாக நிரப்பிவிடுகிறது. எல்லாம் பொருந்திவிட்டதென்று தோன்றும் இடத்தில்தான் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அண்ணன் பாதத்தைச் சிப்பி ஆழமாகக் கிழித்திருக்கிறது. நாளை காலை, டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட அவரை அழைத்துப் போக வேண்டும்.